வேளாண் விமானியாக விரும்புகிறேன்: உரிமம் கையில் இருக்கிறது, இருக்கைக்கு எப்படிப் போவது?

கேள்வி: புதிய_உரிமம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 24. வணிக விமானி உரிமம் பெற்று மூன்று மாதங்கள் ஆகின்றன. பதிவேட்டில் மொத்தம் 230 மணி நேரம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி மூக்குச் சக்கரம் கொண்ட பயிற்சி விமானத்தில் பறந்தது. என்னோடு பயிற்சி பெற்றவர்கள் அனைவரும் பயணிகள் விமான நிறுவனங்களின் வாசலில் காத்திருக்கிறார்கள். எனக்கு அந்த ஆசை வரவில்லை. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் தானியங்கிக் கருவியைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிட, பயிரின் தலைக்கு மேல் மூன்று மீட்டரில் கையும் காலும் ஓயாமல் ஓட்டுகிற வேளாண் விமானியின் வேலைதான் என்னை ஈர்க்கிறது.

ஆனால் இந்தத் துறையின் வாசல் எங்கே இருக்கிறது என்பதே பிடிபடவில்லை. பயணிகள் விமானத் துறையில் உள்ளதுபோல ஆட்சேர்ப்பு அறிவிப்போ எழுத்துத் தேர்வோ இங்கே கண்ணில் படவில்லை. தெளிப்பு நிறுவனங்கள் பதினொன்றுக்குக் கடிதம் எழுதினேன். இரண்டிடமிருந்து மட்டுமே பதில் வந்தது. இரண்டிலும் "அனுபவம் சேர்த்துக்கொண்டு வாருங்கள்" என்ற ஒரே வரிதான் இருந்தது. விமானத்தைத் தராவிட்டால் அனுபவத்தை எங்கிருந்து சேர்ப்பது? வேளாண் பறத்தலுக்கென்று நடத்தப்படும் பள்ளியில் சேர்ந்தால் நேராக இருக்கை கிடைக்குமா, தெளிப்பு விமானங்களைப்போல மூக்குக்குப் பதில் வாலில் சக்கரம் கொண்ட வால்சக்கர விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும், ட்ரோன்கள் பெருகிவரும் இந்தக் காலத்தில் இதில் இறங்குவது சரிதானா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: பழைய_வால்சக்கரம்

தம்பி, அந்த ஒரு வரிப் பதிலை எழுதியவர்மீது வருத்தப்படாதீர்கள். அதே வரியை நானும் பலருக்கு எழுதியிருக்கிறேன். 22 பருவங்கள் தெளிப்பு விமானம் ஓட்டிவிட்டு, இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கிறேன். அந்த வரி ஏன் எழுதப்படுகிறது என்பதை விளக்குகிறேன்.

தெளிப்பு விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே ஓர் இருக்கைதான். ஏர் டிராக்டர் 502 ஏறத்தாழ 1,900 லிட்டர் கலவையைச் சுமக்கும். அதன் பெரிய அண்ணனான 802 ஏறத்தாழ 3,000 லிட்டர் சுமக்கும். பயிற்சியாளர் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் தவறைத் திருத்துவதற்கு அங்கே இடம் கிடையாது. ஏர் டிராக்டர் 504 போல இரண்டு இருக்கை உள்ள மாதிரிகள் இருக்கின்றன என்றாலும், அவற்றை வாங்கி நிறுத்தி வைக்கும் வசதி எல்லா நிறுவனங்களுக்கும் இல்லை. ஆகவே நான் ஒருவரை அந்த இருக்கையில் ஏற்றினால், முதல் நாளிலிருந்தே அவர் தனியாகத்தான் போகிறார். இந்தத் தொழிலில் பல, ஒன்றிரண்டு விமானங்களை வைத்து நடத்தப்படும் குடும்ப நிறுவனங்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த விமானம் கவிழ்ந்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே கவிழ்ந்துவிடும்.

இதற்கு மேலே காப்பீட்டாளர் உட்கார்ந்திருக்கிறார். சட்டம் கேட்பது பல நாடுகளில் குறைவுதான். அமெரிக்காவில் பகுதி 137 என்ற விதித்தொகுப்பு, கூலிக்குத் தெளிப்பவருக்கு வணிக உரிமமும், மருந்துகளைக் கையாளுதல், நச்சு அறிகுறிகள், வயலை முன்கூட்டிப் பார்வையிடுதல் ஆகியவற்றில் அறிவுத் தேர்வும், குறுகிய மற்றும் மென்மையான ஓடுபாதையில் எழும்புதல், தெளிப்பு ஓட்டம், மேலிழுத்துத் திரும்புதல் ஆகியவற்றில் செய்முறைத் தேர்வும் கேட்கிறது. இத்தனை மணி நேரம் தெளித்திருக்க வேண்டும் என்று அது கேட்பதில்லை. ஆஸ்திரேலியாவில் உரிமத்தோடு வான்வழித் தெளிப்புக்கென்று தனித் தகுதி பெற்று, தொடக்கக் காலத்தில் மூத்த விமானியின் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். எங்கே இருந்தாலும், சட்டம் வழிவிட்ட பிறகும் காப்பீட்டாளர் வழிவிட வேண்டும். மொத்த நேரம், வால்சக்கர நேரம், தெளிப்பு நேரம், டர்பைன் எஞ்சின் விமானத்தில் பறந்த நேரம் என்று அவர் கேட்கும் நான்கு எண்கள்தான் உண்மையான நுழைவுத் தேர்வு. 230 மணி நேரம் உள்ள ஒருவரை டர்பைன் விமானத்தில் ஏற்றுவதற்கு எந்தக் காப்பீட்டாளரும் இலேசில் சம்மதிக்கமாட்டார்.

பள்ளியைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல பள்ளி நல்லதைத்தான் கற்றுத்தரும். போகாதீர்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சான்றிதழ் ஒன்றே இருக்கையைத் தந்துவிடும் என்று நம்பிச் சேமிப்பையெல்லாம் அங்கே கொட்டிவிடாதீர்கள். ஒரு நிறுவனம் உங்களை எடுத்துக்கொள்வதாகச் சொன்ன பிறகு, அவர்கள் பரிந்துரைக்கும் பள்ளிக்குப் போவதே என் கருத்தில் சரியான வரிசை.

வால்சக்கர நேரத்துக்கு வேறொரு நல்ல வழி உண்டு. பைப்பர் பானி என்பது தெளிப்புக்கென்றே வடிவமைக்கப்பட்ட சிறிய விமானம். இன்று உலகின் பல கிளைடர் சங்கங்களில் அதுதான் எஞ்சின் இல்லாத கிளைடர்களை வானுக்கு இழுத்துச் செல்கிறது. அந்தச் சங்கங்கள் ஒன்றில் இழுவை விமானியாகச் சேர்ந்தால், ஒரே நாளில் இருபது முறை எழும்பி இருபது முறை இறங்க வேண்டியிருக்கும். நேர்கோட்டில் ஐந்து மணி நேரம் பறந்தவரைவிட அப்படி ஐந்து மணி நேரம் சேர்த்தவரைத்தான் நான் எடுப்பேன்.

ஆனாலும் நான் எடுத்த புதியவர்களில் பெரும்பாலோர் வந்த வழி இதுவுமல்ல. அவர்கள் கலவைத் தொட்டியின் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அந்த வழியில் வந்த ஒருவர் இந்தக் குழுவிலேயே இருக்கிறார்; அவரே சொல்வது பொருத்தமாக இருக்கும்.

மறுமொழி 2: கலவைத்_தொட்டி

ஐயா என்னைத்தான் குறிப்பிடுகிறார் என்று நினைக்கிறேன். மூன்று பருவங்கள் லோடராக, அதாவது மருந்து கலந்து விமானத்தில் ஏற்றுபவனாக இருந்தேன். இப்போது விமானியாக இரண்டாவது பருவம் நடக்கிறது. உரிமம் வாங்கிய கையோடு ரப்பர்ப் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்பது முதலில் எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லோடரின் நாள் விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கும். காற்று அடங்கியிருக்கும் விடியற்பொழுதை வீணாக்கக் கூடாது என்பதால், விமானி வரும்போது முதல் தொட்டிக் கலவை தயாராக இருக்க வேண்டும். பிறகு நாள் முழுவதும் விமானம் இறங்கும், சுமை ஏற்றுவோம், எழும்பும். பல நேரங்களில் எஞ்சினை அணைக்காமலேயே சுமை ஏற்றுவதால், சுழலும் புரொப்பெல்லருக்குப் பக்கத்தில் எந்தத் திசையிலிருந்து நெருங்குவது, எந்தப் பக்கம் ஒருபோதும் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது உடம்பிலேயே பதிந்துவிட வேண்டும்.

கலவை என்றால் ஊற்றிக் கிளறுவது என்று நினைத்திருந்தேன். முதல் பருவத்தில் ஒரு நாள், அவசரத்தில் எண்ணெய் சார்ந்த மருந்தை முதலில் ஊற்றிவிட்டு, நனையும் தூளை அதன்மேல் கொட்டினேன். தூள் எண்ணெயில் தோய்ந்து, திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகிவிட்டது. தொட்டி, பம்பு, வடிகட்டி, தெளிப்புக் குழாயில் இருந்த நாற்பது முனைகள் அனைத்தையும் கழற்றிக் கழுவி முடிக்க அந்த நாளின் நல்ல காற்று முழுவதும் போய்விட்டது. தூள் முதலில், கலக்கிக்கொண்டே நீர்மக் குழம்பு, அதன்பின் எண்ணெய் சார்ந்தவை, கடைசியில் ஒட்டுதிரவம் என்ற வரிசையை அதன்பிறகு நான் மறந்ததில்லை. உரிமையாளர் திட்டவில்லை. ஒவ்வொரு முனையையும் எப்படிக் கழுவுகிறேன் என்று பக்கத்தில் நின்று பார்த்தார். என்னை விமானத்தில் ஏற்றலாமா என்று அவர் யோசிக்கத் தொடங்கியது அந்த நாளில்தான் என்று இரண்டு ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

தரையில் நிற்கும்போது நீங்கள் கற்பது மருந்தை மட்டுமல்ல. எந்த வயலின் எந்த மூலையில் மின்கம்பி குறுக்கே போகிறது, எந்த விவசாயி பக்கத்து நிலத்தில் தேனீப்பெட்டி வைத்திருக்கிறார், காற்று எப்போது திரும்பும், விமானி எந்த வேலையை ஏற்காமல் திருப்பி அனுப்புகிறார், ஏன் அனுப்புகிறார் என்பதெல்லாம் காதில் விழுந்துகொண்டே இருக்கும். மாலையில் விமானத்தைக் கழுவும்போது அதன் ஒவ்வொரு ஆணியும் பழகிவிடும். நடுவே விமானத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வெறும் தொட்டியோடு கொண்டுபோகச் சொல்வார்கள். அதுதான் முதல் கதவு. பிறகு வெறும் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, கம்பிகளே இல்லாத தரிசு நிலத்தில் கோடு பிடித்துப் பறக்கச் சொல்வார்கள். நான் அப்படி ஒரு மாதம் தண்ணீர் தெளித்தேன். முதலில் கால் தொட்டி, பிறகு அரைத் தொட்டி. முழுத் தொட்டியை எனக்குத் தருவதற்கு நான்கு வாரங்கள் ஆயின.

சுமையேற்றிய விமானம் நீங்கள் இதுவரை ஓட்டிய எதையும்போல இருக்காது. வயலின் ஓரத்தில் மேலே இழுத்து, காற்று போகும் பக்கமாக ஏறத்தாழ 45 பாகை திரும்பி, பிறகு எதிர்ப்பக்கம் சாய்ந்து அடுத்த கோட்டுக்குத் திரும்புகிறோம். ஒரு நாளில் இதை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். சாய்வு 60 பாகையானால் இறக்கை தாங்கும் எடை இரு மடங்காகிறது. விமானம் ஸ்டால் ஆகும் வேகம், அதாவது இறக்கை தூக்கும் ஆற்றலை இழக்கும் வேகம், 41 விழுக்காடு கூடிவிடுகிறது. நேராகப் பறக்கும்போது மணிக்கு 110 கிலோமீட்டர் என்றால் அந்தத் திருப்பத்தில் 155. தோளுக்குமேல் அடுத்த கோட்டைத் தேடிக்கொண்டே கையை இறுக்கி இழுப்பவருக்கு, மீள்வதற்கு வேண்டிய உயரம் அங்கே இருக்காது. புதியவர்களைக் கொல்வது வேகமல்ல, திருப்பத்தில் வரும் அவசரம் என்று எனக்குச் சொல்லித்தந்தார்கள். ஆபத்து நேரத்தில் தொட்டியைக் கொட்டிவிடும் நெம்புகோலைக் கண்ணை மூடிக்கொண்டு தொடப் பழகுங்கள். விவசாயியின் மருந்து வீணாகிறதே என்று அந்த நொடியில் தயங்கக் கூடாது.

மறுமொழி 3: துளி_அளவு

நான் விமானி அல்ல. தெளிப்புத் தொழில்நுட்பத்தில் வேலை செய்பவள். விமானங்களின் தெளிப்பு முறையை அளந்து சரிசெய்து தருவது என் தொழில். மேலே இருவரும் பறப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வேளாண் விமானிக்குச் சம்பளம் கிடைப்பது பறப்பதற்காக அல்ல, சரியான அளவு மருந்தைச் சரியான இடத்தில் வைப்பதற்காக என்பதைப் புதியவர்கள் பெரும்பாலும் தாமதமாகவே புரிந்துகொள்கிறார்கள். ஆதலால் நேர்காணலுக்குப் போவதற்கு முன்பே கீழே உள்ள கணக்கைத் தாளில் போட்டுப் பழகிக்கொள்ளுங்கள்.

விமானம் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகிறது. ஒரு முறை போகும்போது 20 மீட்டர் அகலத்துக்கு மருந்து விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 1,200 சதுர மீட்டர், நிமிடத்துக்கு 72,000 சதுர மீட்டர், அதாவது 7.2 ஹெக்டேர். மருந்துக் கலவை ஹெக்டேருக்கு 30 லிட்டர் விழ வேண்டுமானால், பம்பு நிமிடத்துக்கு 216 லிட்டர் தள்ள வேண்டும். 40 முனைகள் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் 5.4 லிட்டர் வர வேண்டும். 1,900 லிட்டர் தொட்டி 63 ஹெக்டேருக்குப் போதும். தெளிப்பு நேரம் ஒன்பது நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இப்போது வால்காற்றில் வேகம் 65 மீட்டராகக் கூடிவிட்டது, பம்பைத் தொடவில்லை என்றால், ஹெக்டேருக்கு 27.7 லிட்டர்தான் விழும். வேகத்துக்கு ஏற்ப ஓட்டத்தை மாற்றும் கருவி இன்று பல விமானங்களில் இருந்தாலும், கருவி காட்டும் எண் தவறு என்று சந்தேகிக்கத் தெரிந்தவர்தான் எனக்குப் பிடித்த விமானி.

அடுத்தது துளி. ஒரு துளியின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதே நீரிலிருந்து எட்டுத் துளிகள் கிடைக்கும். இலைமேல் பரவுவது கூடும். ஆனால் சிறிய துளி காற்றோடு போய்விடும். 100 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு விட்டமுள்ள துளி, அசையாத காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 27 சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்குகிறது. மூன்று மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட அதற்குப் பதினோரு நொடி பிடிக்கும். நொடிக்கு 4 மீட்டர் காற்று வீசினால், அந்தப் பதினோரு நொடியில் அது 40 மீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும். 400 மைக்ரான் துளி அதே உயரத்திலிருந்து இரண்டு நொடிக்குள் விழுந்துவிடும். பூஞ்சைக்கொல்லிக்கு ஒரு முனை, களைக்கொல்லிக்கு வேறொரு முனை என்று மாற்றுவது இதனால்தான். இறக்கை நுனியில் உருவாகும் சுழல் சிறிய துளிகளை மேலே இழுத்துச் செல்வதால், தெளிப்புக் குழாயை இறக்கையின் முழு நீளத்துக்கும் பொருத்தாமல் முக்கால் பங்குக்குள் நிறுத்திவிடுகிறார்கள். புதியவர்கள் இதைத் தெளிப்பு அகலத்தைக் குறைக்கும் கஞ்சத்தனம் என்று நினைப்பதுண்டு!

காற்று பலமாக வீசினால் யாரும் தெளிக்கமாட்டார்கள். அது எல்லோருக்கும் தெரிந்தது. ஏமாற்றுவது காற்றே இல்லாத விடியற்காலைதான். இரவில் தரை குளிர்ந்து, மேலே வெப்பக் காற்று மூடிபோல உட்கார்ந்திருக்கும் வெப்பநிலைத் தலைகீழ் மாற்றத்தின்போது, நுண்துளிகள் விழாமலும் கலையாமலும் மெல்லிய மேகம்போல மிதந்து, கிலோமீட்டர் கணக்கில் நகர்ந்து போய் எங்கோ ஒரு திராட்சைத் தோட்டத்தில் இறங்கும். 2,4-டி போன்ற களைக்கொல்லியின் மிகச் சிறிய அளவுகூடத் திராட்சை, தக்காளி, பருத்தி ஆகியவற்றின் இலைகளைச் சுருட்டிவிடும். விமானத்தின் புகைபோக்கியில் எண்ணெயைச் செலுத்திப் புகை விடும் கருவி இதைப் பார்ப்பதற்குத்தான். புகை கிடைமட்டமாகப் படிந்து நின்றால் தெளிக்காமல் தரையிறங்கிவிடுங்கள். அந்த நாளின் காற்று, வெப்பநிலை, நேரம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். வழக்கு என்று வந்தால் உங்களுக்காகப் பேசுவது அந்தக் குறிப்பேடு மட்டுமே.

உடல்நலம் பற்றியும் ஒன்று. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்துகள் உடலில் கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்குகின்றன. கண்பாவை சுருங்குதல், பார்வை மங்குதல், வியர்வை, குமட்டல் ஆகியவை தொடக்க அறிகுறிகள். தாழப் பறப்பவருக்கு இவற்றில் முதல் இரண்டு எவ்வளவு ஆபத்தானவை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லோடராகச் சேர்ந்தாலும், பருவம் தொடங்கும் முன்பே ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்து உங்களுடைய இயல்பான அளவைப் பதிந்துகொள்ளுங்கள். பின்னால் குறைந்திருக்கிறதா என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் கூற முடியும்.

புதிய_உரிமம்

மூவருக்கும் மிக்க நன்றி. கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தேன். முதல் முறை நிமிடத்தையும் நொடியையும் குழப்பிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ஐயங்கள் இன்னும் இருக்கின்றன. மின்கம்பியில் மோதி இறந்த விமானிகளைப் பற்றி என் தாயார் எங்கோ படித்துவிட்டு, இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார். கம்பி எங்கே இருக்கிறது என்று முன்பே பார்த்து வைத்துக்கொண்டால் அந்த ஆபத்து நீங்கிவிடாதா? மற்றொன்று, ட்ரோன்கள் பற்றி யாரும் சொல்லவில்லை.

மறுமொழி 4: பழைய_வால்சக்கரம்

தம்பி, உங்கள் தாயார் சொல்வதில் நியாயம் இருக்கிறது; கம்பியைப் பற்றி நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

முன்பே பார்த்து வைத்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம் கம்பி மோதல்களை ஆராய்ந்தபோது, மோதியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு அந்தக் கம்பி அங்கே இருப்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. தெரியாத கம்பியைவிடத் தெரிந்த கம்பியில் மோதியவர்களே அதிகம். காலையில் பார்வையிட்டபோது மனத்தில் குறித்துக்கொண்ட கம்பி, பதினைந்தாவது கோட்டில், வெயில் கண்ணில் அடிக்கும்போது, விவசாயி வானொலித் தொடர்பில் நம்மிடம் ஏதோ கேள்வி கேட்கும்போது மனத்திலிருந்து நழுவிவிடுகிறது. எனக்கும் ஒரு முறை நழுவியது. கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் கம்பிவெட்டி அன்று வேலை செய்ததால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கம்பியைத் தேடாதீர்கள், அது கண்ணுக்குத் தெரியாது. கம்பத்தைத் தேடுங்கள். ஒரு கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கும் பீங்கான்கள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்று பார்த்தால், கிளைக் கம்பி எங்கே போகிறது என்பது தெரியும். தனியாக ஒரு வீடோ பம்பு அறையோ இருந்தால், அதற்கு எங்கிருந்தோ கம்பி வந்தே ஆக வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும்வரை கீழே இறங்காதீர்கள். தெளிக்கும் முன் வயலைச் சுற்றி ஒரு முறை வருவதோடு நில்லாமல், முடித்துவிட்டு ஓரங்களைத் தெளிப்பதற்கு முன் இன்னொரு முறை மேலே ஏறிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். வேலை முடிந்த நிம்மதியில் ஓரம் அடிக்கும்போது மோதியவர்கள் நிறையப் பேர். காற்றளவுக் கோபுரங்கள் வேறு இப்போது ஓரிரு நாளில் முளைத்துவிடுகின்றன. சென்ற வாரம் இல்லாதது இந்த வாரம் இருக்கலாம்.

இவ்வளவு செய்தால் ஆபத்து நீங்கிவிடும் என்று உங்கள் தாயாரிடம் சொல்லாதீர்கள். குறையும் என்று மட்டும் சொல்லுங்கள்.

மறுமொழி 5: ஆறு_பருவம்_போதும்

மற்றவர்கள் சொல்லாத ஒன்றைச் சொல்வதற்காக எழுதுகிறேன். நான் ஆறு பருவங்கள் பறந்துவிட்டு விலகியவன். விபத்து எதுவும் நேரவில்லை, மருந்தும் உடலைக் கெடுக்கவில்லை. களைப்புதான் காரணம்.

இந்தத் தொழிலில் பல இடங்களில் ஊதியம் தெளித்த பரப்பளவைப் பொறுத்தது. பருவம் நான்கைந்து மாதம்தான். அதற்குள் ஆண்டு முழுமைக்கும் சம்பாதித்தாக வேண்டும். பூஞ்சை நோய் பரவத் தொடங்கினால் எல்லா விவசாயிகளும் ஒரே வாரத்தில் அழைப்பார்கள், மழை வரும் என்ற அறிவிப்பும் சேர்ந்துகொள்ளும். பதினான்கு மணி நேரம் வேலை செய்துவிட்டு, சூரியன் மறைவதற்கு முன் இன்னொரு தொட்டி ஏற்றலாமா என்ற கேள்வி தினமும் மாலையில் வரும். யாரும் உங்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. நான் வேலை செய்த இடத்தில், கடைசித் தொட்டியை மறுத்தவரின் பெயர் மறுநாள் நல்ல வயல்களின் பட்டியலில் இல்லாமல் போனது, அவ்வளவுதான். அந்த நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளக் கணக்கை மட்டும் கேட்காமல், வேலையை மறுத்த விமானிக்கு அங்கே என்ன நடக்கிறது என்பதை அங்குள்ள லோடர்களிடம் விசாரித்துவிட்டுச் சேருங்கள். அவர்களுக்குத் தெரியும்.

மறுமொழி 6: கலவைத்_தொட்டி

மேலே நண்பர் சொன்னது உண்மை. எங்கள் நிறுவனத்தில் மறுப்பவருக்குத் தண்டனை இல்லை; ஆனால் எல்லா இடமும் அப்படி இருக்காது.

ட்ரோன் கேள்விக்கு வருகிறேன். சிறிய நிலம், மலைச்சரிவு, கம்பிகளும் வீடுகளும் சூழ்ந்த வயல் ஆகியவற்றை ட்ரோன் எடுத்துக்கொள்கிறது. அது நல்லதுதான், அங்கேதான் விமானிகள் இறந்துகொண்டிருந்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2009-ஆம் ஆண்டின் வழிகாட்டு ஆணைப்படி வான்வழித் தெளிப்பு பொதுவாகத் தடைசெய்யப்பட்டு, விதிவிலக்காக மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. ஆகவே அங்கே இந்தத் தொழிலைத் தேடிப் பயனில்லை. அமெரிக்கா, கனடா, பிரேசில், அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா போன்ற பரந்த வயல்கள் உள்ள நாடுகளில் நிலைமை வேறு. 40 லிட்டர் தொட்டியுள்ள ட்ரோன் 3,000 லிட்டர் விமானத்தின் ஒரு சுமையைத் தெளிக்க 75 முறை ஏறி இறங்க வேண்டும். நோய் பரவும் வாரத்தில் அந்த வேறுபாடு பெரிது. பல ட்ரோன்கள் கூட்டமாக வேலை செய்யும் காலம் வரும்போது கணக்கு மாறலாம், மறுக்கவில்லை. எங்கள் நிறுவனமே இரண்டு ட்ரோன்களை வாங்கியிருக்கிறது. அவற்றை ஓட்டுபவரும் ஒரு லோடர்தான்.

தொழில் மாறுவது இது முதல் முறையல்ல. 1921 ஆகஸ்ட் 3 அன்று ஓஹையோவின் ட்ராய் நகருக்கு அருகே, ராணுவ விமானி ஜான் மெக்ரெடி ஒரு கர்டிஸ் இருதட்டு இறக்கை விமானத்திலிருந்து புழு அரித்துக்கொண்டிருந்த கட்டால்பா மரத்தோப்பின்மீது ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். தூள் பெட்டியின் பிடியை உடன் பறந்தவர் கையால் சுற்றினார். பருத்திக் காய் வண்டுக்கு எதிராகத் தூள் தூவுவதற்கென்று 1920-களில் தொடங்கப்பட்ட ஒரு நிறுவனம்தான் 1928-இல் டெல்டா என்ற பெயரைப் பெற்று, மறு ஆண்டு பயணிகளை ஏற்றத் தொடங்கியது. உங்கள் நண்பர்கள் வாசலில் காத்திருக்கும் துறைக்கும் இங்கிருந்து ஒரு வேர் போகிறது! ஜிபிஎஸ் வருவதற்கு முன், விமானிக்குக் கோடு காட்டுவதற்காக வயலுக்குள் கொடி பிடித்து நின்றவர்கள் மருந்தில் நனைந்தார்கள். இன்று அந்த வேலையே இல்லை, அதற்காக வருந்துபவரும் இல்லை.

ஏர் டிராக்டர் 802 காட்டுத்தீயை அணைக்கவும் பயன்படுகிறது. தெளிப்பில் சில ஆயிரம் மணி நேரம் சேர்த்தவர்களுக்கு அது இன்னொரு வாய்ப்பு. வட அரைக்கோளத்தில் பருவம் முடிந்ததும் தென் அரைக்கோளத்துக்குப் போய்விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 230 மணி நேரத்தில் அவற்றையெல்லாம் கணக்கில் எடுக்க வேண்டாம்.

புதிய_உரிமம்

ஒரு கிளைடர் சங்கத்தில் இழுவை விமானிக்கு ஆள் தேவை என்று அறிந்தேன். வால்சக்கரப் பயிற்சியை முடித்துவிட்டு அங்கே கேட்கப்போகிறேன். அத்துடன் லோடர் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடிவு செய்துவிட்டேன். எப்போது எழுதுவது, எப்படி எழுதுவது என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா.

மறுமொழி 7: பழைய_வால்சக்கரம்

பருவம் நடக்கும்போது எழுதாதீர்கள், யாரும் படிக்கமாட்டார்கள். விமானங்களைப் பிரித்துப் பழுதுபார்க்கும் ஓய்வு மாதங்களில் நேரில் போங்கள். விண்ணப்பத்தில் விமானி என்பதற்கு முன்னால் லோடர் என்று எழுதுங்கள். சரக்கு வாகனம் ஓட்டும் உரிமம் இருந்தால் அதைக் குறிப்பிடுங்கள். தண்ணீர் லாரி ஓட்டத் தெரிந்தவருக்கு எங்கும் இடம் உண்டு. உங்கள் நாட்டில் மருந்து கையாளுவதற்கான சான்று தேவையென்றால் அதை முன்பே வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கு விமானமே வேண்டாம், படிப்பு போதும்.

இருக்கை எப்போது தருவீர்கள் என்று முதல் நாளில் கேட்காதீர்கள். இரண்டாவது பருவத்தின் தொடக்கத்தில் கேளுங்கள்; தெளிவான பதில் வராவிட்டால் அந்தப் பருவத்தை முடித்துக்கொடுத்துவிட்டு வேறு நிறுவனம் பாருங்கள். காத்திருக்க வைத்தே ஐந்தாறு ஆண்டுகள் கலவை கலக்கவைக்கும் உரிமையாளர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். போகும்போது கைக்குப் பொருந்துகிற, மருந்து ஊடுருவாத கையுறைகளை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். அங்கே கொடுப்பவை பெரும்பாலும் பெரிதாகவே இருக்கும்.